நான் கழுவிப் பார்க்காத கவுன்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பேசின் இருக்கிறது. அடியில் விரல் நீளத்துக்கு மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, ஒழுகாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கு என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, முன்கதவு கிடையாது. இருந்ததெல்லாம் அந்தப் பேசின்தான்.

கண்டி கட்டுக்கலையில் ஒரு மேட்டு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் மாநகர சபையில் கிளார்க். பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு நான் போனில் ஒரு பக்கம் திறந்து உடுப்பு விற்கத் தொடங்கினேன். பெண்கள் வீட்டில் போடும் பருத்திக் கவுன், சின்னப் பிள்ளைகளின் சட்டை, பெட்ஷீட். என்னைப் போல விற்கிறவர்கள் கண்டியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எல்லாரும் கொழும்பு புறக்கோட்டைக்குப் போய் ஒரே கடைகளில்தான் வாங்குகிறோம். ஒரே கவுனைத்தான் அவரவர் வீட்டுக் கதவில் கொழுவிப் படம் எடுக்கிறோம்.

நான் ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் செய்தேன். எந்தத் துணி கொண்டுவந்தாலும் அதில் ஒன்றை எடுத்து அந்த வெள்ளைப் பேசினில் ஊறப் போடுவேன். சாயம் போகிறதா என்று வெள்ளையில்தான் தெரியும். பிறகு கசக்கி, அலசி, காயப் போட்டு, அயர்ன் பண்ணி, கழுவாத ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பேன். சுருங்கியிருந்தால் எவ்வளவு சுருங்கியது என்று எழுதுவேன். படத்துக்குக் கீழே 'கழுவிப் பார்த்தது' என்று போடுவேன். அவ்வளவுதான் என் வியாபாரத் தந்திரம். மழைக்காலத்தில் கண்டியில் ஒரு கவுன் காய மூன்று நாளாகும், அதற்குள் மற்றவர்கள் விற்று முடித்திருப்பார்கள். சாயம் போனால் மூட்டையோடு திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். புறக்கோட்டையில் ஒரு முதலாளி என்னைக் கண்டதும் 'இந்தா வந்துட்டாங்க, தண்ணிக்காரம்மா' என்று சத்தமாகச் சொல்வார். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், சும்மா விடமாட்டேன். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

என் முதல் வாடிக்கையாளர் மடவளையில் இருக்கும் ஒரு டீச்சர். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். முதல் தடவை நேரிலேயே வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, பேசினுக்குள் கிடந்த கவுனைக் கண்டு சிரித்தார். "நெசமாத்தான் கழுவுறீங்க" என்றார். அதற்குப் பிறகு வரவேண்டியிருக்கவில்லை. போனிலேயே சொல்வார், நான் அனுப்பி வைப்பேன்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு நாள் அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. அவருடைய தங்கைக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். தோல் எதையும் தாங்குகிறதில்லை, உடுப்பு பட்டாலே எரிகிறது, பழைய மெல்லிய பருத்திதான் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் மூன்று கவுன்களை எடுத்து, அனுப்பப்போகிற அந்த மூன்றையுமே நாலைந்து தரம் கழுவி, மெதுமெதுவென்று ஆக்கி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து தாத்தாவின் போனிலிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. பேசியது தங்கை.

"அக்கா, ஒங்கட கவுன் போட்டா எரியுதில்ல. ராவைக்கு நல்லாத் தூங்கினேன். ஒங்களுக்கு துஆச் செய்றேன்."

எனக்காகப் பிரார்த்திக்கிறாராம். இளம் குரல். பேசும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் பேசினார். நான் அந்தத் தங்கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் குரலை மட்டும் தெரியும்.

முதுகெலும்பில் எனக்கு வலி வந்தது அதற்கு அடுத்த வருடம். மூட்டை தூக்கித் தூக்கித்தான் என்றார்கள். புறக்கோட்டைக்குப் போய் வந்தால் இரண்டு நாள் படுக்கை. அந்த நேரம் பார்த்து, ஒன்லைனில் விற்கும் பெண்களின் குழுவில் யாரோ ட்ரொப்ஷிப்பிங் என்று ஒன்றைப் பற்றி எழுதினார்கள். நாம் ஸ்டொக் வைத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் தரும் படத்தை நம் பக்கத்தில் போட்டு ஓடர் எடுத்துக் கொடுத்தால் போதும். பொருளை அவர்களே பொதி செய்து, நம் கடைப் பெயரை ஒட்டி, நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார்கள். நம் கைக்குப் பொருள் வருவதேயில்லை.

அதில் போட்டிருந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். பேசியவர் மரியாதையான தம்பி. வார்த்தைக்கு வார்த்தை அக்கா.

"நீங்க ஓடர மட்டும் எடுங்க அக்கா, மத்தத நாங்க பாத்துக்குறோம். உங்க முதுகுக்கு ரெஸ்ட் குடுங்க."

முதுகைப் பற்றி நான்தான் சொல்லியிருந்தேன். இருந்தாலும் அப்படி ஒருத்தர் எடுத்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை, சாம்பிள் கேட்டேன். இரண்டே நாளில் ஒரு கவுன் வந்தது. நல்ல பருத்தி. தையல் நேர்த்தி. பேசினில் ஊறப் போட்டேன். ஒரு பகல் முழுக்க ஊறியும் தண்ணீர் அப்படியே இருந்தது. படம் எடுத்து என் விற்பனைப் பக்கத்தில் போட்டேன். அந்தத் தம்பி, "அக்கா, உங்களுக்குத் திருப்தின்னா ஒரு வொய்ஸ் போட்டு விடுங்க, மத்த அக்காமாருக்கும் ஒரு நம்பிக்கை வரும்" என்றார். எனக்குப் பெருமை வேறு. 'நான் கழுவிப் பார்த்தேன், பயமில்லாம எடுக்கலாம்' என்று குரல் பதிந்து அனுப்பினேன்.

இந்த இடத்தில் நான் செய்ததை நானே சொல்லிவிட வேண்டும். நான் கழுவியது ஒரு கவுன். அதற்குப் பிறகு அவர்கள் அனுப்பிய படங்கள் கணக்கில்லை. வேறு துணி, வேறு நிறம், வேறு தையல். ஒவ்வொன்றுக்கும் கீழே 'கழுவிப் பார்த்தது' என்று போட்டேன். முதலில் கை கொஞ்சம் தயங்கியது. ஒரே இடத்திலிருந்து வருகிற சாமான்தானே, ஒன்றைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசினைக் கவிழ்த்து வைத்தேன், அது அப்படியே தூசி பிடித்தது.

பொய் சொல்லச் சொல்லி அந்தத் தம்பி என்னிடம் கேட்கவே இல்லை. அதை நானாகத்தான் சொன்னேன்.

ஓரிரண்டு வாரத்தில் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. நிறம் வேறு, அளவு வேறு, துணி வழுவழு என்றிருக்கிறது, ஒரு கழுவலில் தையல் விட்டுவிட்டது. நான் படத்தை அவருக்கு அனுப்புவேன். அவர் பதற்றமே இல்லாமல் பதில் சொல்வார்.

"அக்கா, நீங்க வெள்ளை மனசு. கஸ்டமர்ஸ் பத்தி உங்களுக்குத் தெரியாது. நல்ல கவுன எடுத்து வச்சுக்கிட்டு, வீட்டுல கெடந்த கழிசலப் படம் எடுத்து அனுப்புவாங்க. ஒருக்கா கண்டிப்பா சொல்லிப் பாருங்க. திரும்ப வரமாட்டாங்க."

நான் அதை நம்பினேன். இன்று யோசித்தால் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது. இத்தனை வருடம் என்னிடம் வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும், இவரை எனக்குத் தெரியாது. அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்றுகூடக் கேட்டுப் பதில் வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் அவர்களைச் சந்தேகித்தேன், இவரை நம்பினேன். ஏனென்றால் இவரை நம்பினால் நான் நல்லவள். அவர்களை நம்பினால் நான் தினமும் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடும்.

நோன்பு மாதம் பாதி போயிருக்கும். தாத்தா மெசேஜ் அனுப்பினார். தங்கைக்குப் பெருநாளுக்குப் புது உடுப்பு வேண்டுமாம். இரண்டு வருடமாகப் பழைய கவுன்தான், இந்தப் பெருநாளைக்குப் புதிதாக ஒன்று போட வேண்டும் என்று ஆசைப்படுகிறாவாம். என் பக்கத்தில் அவவே பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறா. இளநீலம், கழுத்தில் சின்னப் பூ வேலை.

"இது கழுவிப் பாத்தது தானே தங்கச்சி?" என்று கேட்டிருந்தார்.

"ஓம் தாத்தா, போட்டிருக்கே" என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுப்பில் சோறு கிடக்கிறது என்று எழுந்து போனேன். அந்தப் பதிலை எழுத எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பெருநாளுக்கு அடுத்த நாள் தாத்தாவிடமிருந்து படம் வந்தது. ஒரு கவுன், நீலம்தான், ஆனால் கண்ணைக் குத்துகிற நீலம், பளபளப்பான துணி. பூ வேலை துணியில் அச்சடித்திருந்தது. கீழே இரண்டு வரி. "தங்கச்சி, இது நீங்க கழுவின கவுன் இல்ல போல ஈக்கு. ஆள் மாறி வந்திச்சோ தெரியல்ல. கோவமில்ல, ஒருக்கா பாத்துச் செல்லுங்க."

பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்ததால் அதைத் தம்பிக்கு அனுப்பினேன். வழக்கமான பதில் வந்தது. எனக்கு அன்று காலையிலிருந்தே முதுகு வலி, முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு. தாத்தாவுக்கு எழுதியதை இன்றும் என் போனிலிருந்து அழிக்கவில்லை. அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

"தாத்தா, இது நாங்க அனுப்பினது இல்ல. வேற எடத்துல வாங்கினத எங்க பைல போட்டுப் படம் எடுத்தா நாங்க என்ன செய்யிறது? இத்தன வருஷப் பழக்கத்துல உங்ககிட்ட இத எதிர்பாக்கல."

அவர் வாசித்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. அந்தத் தம்பி சொன்னது சரிதான், ஒருக்கா கண்டிப்பாகச் சொன்னால் திரும்ப வரமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் நான் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். என்னை நிறுத்தியது கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு போன் கோல். எனக்குத் தெரியாத பெண். பேசத் தொடங்கியதுமே அழுதார்.

"அக்கா, உங்க குரலக் கேட்டுத்தான் நான் அவங்ககிட்ட சேந்தேன். கழுவிப் பாத்தேன், பயமில்லாம எடுக்கலாம்னு சொன்னீங்களே. இப்ப எங்க தெருவுல ஒருத்தரும் என் மொகத்தப் பாக்குறாங்க இல்ல."

என் குரல் ஊர் ஊராகப் போயிருந்தது. அந்தத் தம்பி சேர்த்துக்கொண்ட பெண்களுக்கெல்லாம் அதைத்தான் அனுப்பியிருக்கிறார். நான் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தே இருந்தேன்.

எத்தனையோ மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். கெலிஓயாவில் என் தங்கச்சி வீடு இருக்கிறது. அவளுடைய பெயரில், அவளுடைய விலாசத்துக்கு, என் பக்கத்திலேயே ஓடர் போடச் சொன்னேன். அதே இளநீலக் கவுன். அவர்களுக்கு அது இன்னொரு வாடிக்கையாளர். பார்சல் வந்ததும் பஸ் பிடித்துப் போனேன். என் கடைப் பெயர் ஒட்டிய பையை என் கையாலேயே பிரித்தேன். தாத்தா படத்தில் காட்டிய அதே கவுன்தான். கண்ணைக் குத்தும் நீலம், அச்சடித்த பூ, தொட்டால் வழுக்குகிற துணி.

வீட்டுக்குக் கொண்டுவந்து, பேசினைத் துடைத்து எடுத்து, தண்ணீர் விட்டு ஊறப் போட்டேன். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம்கூட இல்லை. பேசின் முழுக்க மை கரைத்துவிட்ட மாதிரி நீலமாகிவிட்டது. என் கையிரண்டும் நீலம். பைப்படியில் நின்று சத்தமாக அழுதேன். என் வீட்டுக்காரர் முதுகு பிடித்துக்கொண்டதோ என்று ஓடி வந்தார்.

அந்தத் தம்பிக்குப் படத்தை அனுப்பினேன். இந்த முறை கஸ்டமர் நான்தான், யார் மாற்றினது என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த நாள் அந்த நம்பரே இல்லை. குழுவில் போய்ப் பார்த்தால் வேறு பெயரில், வேறு நம்பரில், அதே படங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நீலத் தண்ணீரின் படத்தோடு குழுவில் எழுதினேன். ஒன்லைனில் விற்கிற பெண்களே, சாம்பிளை நம்பாதீர்கள், அது உங்களுக்கென்று தனியாகத் தைத்தது. வேறொருவர் பெயரில், வேறொரு விலாசத்துக்கு ஓடர் போட்டு வாங்கிப் பாருங்கள், ஒரு தடவை போதாது, இடைக்கிடை வாங்கிப் பாருங்கள். எங்கேயிருந்து அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள், போய்ப் பார்க்க விடாதவர்களிடம் சேராதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வாடிக்கையாளரைக் கள்ளர் என்று சொல்லித் தருகிறவர் வாயை முதல் நாளே மூடுங்கள். என் குரலில் வருகிற அந்த வொய்ஸ் பொய், அதை யாராவது உங்களுக்கு அனுப்பினால் உடனே விலகுங்கள் என்றும் புதிதாகக் குரல் பதிந்து போட்டேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், அக்காவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, அந்த வயிற்றெரிச்சல் என்றார்கள். என்னிடம் வாங்கின ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, காசைத் திருப்பிக் கொடுத்தேன். அது பெரிய காரியமில்லை, வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்காமல் கடன் வாங்கித் தந்தார்.

ஊருக்கெல்லாம் எழுத முடிந்தது. மடவளைக்குப் போகத்தான் கால் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் தள்ளினேன். போனில் எழுதலாம்தான். ஆனால் அந்தப் போனிலேயே, அதே இடத்திலேயே, நான் கடைசியாக எழுதியது நின்றது. அதற்குக் கீழே என்னத்தை எழுதுவது.

ஒரு சனிக்கிழமை காலையில் கண்டியில் பஸ் ஏறினேன். மூன்று கவுன் கையில். நல்ல பருத்தி, ஐந்து தரம் கழுவினது. தங்கையிடம் நேரிலேயே கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும் வரைக்கும் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சிரிக்கிற குரலுக்கு எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்றும் யோசித்தேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற பாதையில் விலாசம் கேட்டுப் போனேன். தாத்தாவே கதவைத் திறந்தார். நிறைய மெலிந்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. உள்ளுக்கு வாங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினேன்.

"தாத்தா, நான் உங்களப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன். பொய் சொன்னது நான்தான். அந்தக் கவுன நான் கண்ணாலகூடப் பாக்கல. கழுவிப் பாத்ததுன்னு போட்டது சும்மா போட்டது."

"தெரியும்" என்றார். "ஒங்கட மெசேஜக் கண்டொடனே வெளங்கிச்சி. அதக் கழுவியீந்தா நீங்க அப்பிடி எழுதமாட்டீங்க."

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். நான் கொண்டுபோன பையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

தாத்தா ஜன்னல் சீலையை ஒதுக்கிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பெருநாள் முடிஞ்சி ஒரு மாசத்துல மவுத்தாகிட்டா."

தங்கை இறந்துவிட்டார், எனக்குத்தான் தெரியவில்லை. தாத்தா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற மாதிரி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல்.

"பெருநாள் காலையில அதப் போட்டா. நா வாணான்டேன். கையில புடிச்சொடனே தெரிஞ்சிச்சி, பருத்தி இல்லன்டு. அவ கேக்கல்ல. அந்த அக்கா கழுவிப் பாத்துத்தானே போட்டீக்கிறா, எனக்கு ஒண்டும் செய்யாதுன்டு செல்லிப் போட்டுக்கிட்டா. கண்ணாடிக்கு முன்னால நிண்டு என்னக் கூப்புட்டுக் காட்டினா. அர மணித்தியாலம் போகல்ல, கழுத்து, முதுகு எல்லாம் தடிச்சிப் போச்சி. கழட்டினா தோலெல்லாம் நீலம். பொறகு பழைய கவுன்தான், ஒங்கட அந்த மூணுல ஒண்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா அவ ஒங்கள ஒரு சொல் பிழையாச் செல்லல்ல. மொதல் கழுவல்ல கொஞ்சம் போகும், ரெண்டு மூணு தரம் கழுவினாச் சரியாகும், அடுத்து வார ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் போடலாம்ன்டா. ஒவ்வொரு நாளும் கழுவச் செல்லுவா. கழுவிட்டு வந்தா, தாத்தா, சாயம் இன்னும் போகுதான்டு கேப்பா. நா அவக்குப் பக்கத்துலயே பேசினக் கொண்டாந்து வெச்சிக் கழுவினேன், பாத்துக்கிட்டு ஈக்கட்டும்ன்டு."

"என் மெசேஜ..." என்று தொடங்கினேன்.

"அத அவக்குக் காட்டல்ல" என்றார். "ஒங்கள நல்லவங்கன்டு நெனச்சிக்கிட்டே ஈக்கட்டும்ன்டு உட்டுட்டேன்."

நான் அங்கே அழக்கூடாது என்று நினைத்தேன். அது அவருடைய வீடு, அவருடைய இழப்பு, நான் அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வரும். ஆனால் அழுதேன். அவர் தேற்றவும் செய்தார். ப்ளேன் டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்து, குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

எழுந்தபோது ஒன்றை மட்டும் கேட்டேன். அந்தக் கவுன் இருந்தால் எனக்குத் தாருங்கள், மற்றப் பெண்களுக்குப் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு பையைக் கொண்டுவந்தார். கவுன் அயர்ன் பண்ணி மடித்திருந்தது. நான் கொண்டுபோன மூன்றையும் அவர் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அதே வார்ட்டில் இன்னும் பெண்கள் இருக்கிறார்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

இப்போது நான் திரும்பவும் புறக்கோட்டைக்குப் போகிறேன். கொஞ்சமாகத்தான் வாங்குகிறேன், முதுகு அவ்வளவுதான் தாங்குகிறது. ஒவ்வொன்றையும் கழுவிப் பார்க்கிறேன், ஆனால் அதை எழுதிப் போடுவதில்லை. அந்த இரண்டு வார்த்தையையும் எழுதக் கை வருகிறதில்லை. என் பழைய குரலை இன்னும் எங்கேயோ யாரோ கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். போன மாதம்கூட அதைக் கேட்டுவிட்டு ஹட்டனிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார்.

மடவளையிலிருந்து வந்த அன்று, உடுப்புக்கூட மாற்றாமல், பேசினை எடுத்துத் தண்ணீர் நிரப்பினேன். பையிலிருந்து கவுனை எடுத்து உதறினேன். அந்தக் கண்ணைக் குத்தும் நீலம் எங்கேயும் இல்லை. பூவும் இல்லை. கழுவிக் கழுவித் துணி முழுக்க வெளிறி, நான் முதலில் படத்தில் போட்டிருந்த அந்த இளநீலத்துக்கு வந்திருந்தது. ஊறப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். மகள் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். கவுனைத் தூக்கிப் பிழிந்து பேசினைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் அந்த வெடிப்பு வரைக்கும் தெரிந்தது.

நான் செய்ய வேண்டிய வேலையைத் தாத்தா செய்து முடித்திருந்தார். கவுனைக் கொடியில் காயப் போட்டேன். படம் எடுக்கவில்லை.